திண்ணை மணல் கடல் தாண்டிய கதை

மணலில் எழுதப் பழக்குவதென்றால் முதல் வேலை மணலைச் சலிப்பது. கடல் மணல் ஆகாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு குழந்தையின் விரலில் அப்பும். பரல் கலந்த ஆற்று மணலும் ஆகாது. விரல் நுனி கன்றிவிடும். வாய்க்கால் வளைவில் ஒதுங்கிக் கிடக்கும் பொடிமணலை அள்ளி வந்து, மாவுச் சல்லடையில் சலித்து, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். அப்போதுதான் விரல் போன தடத்துக்கு இரண்டு பக்கமும் மணல் ஒதுங்கிக் கரை கட்டி நிற்கும். பென்சில் பிடித்த குழந்தை விரல் மூட்டை மட்டும் அசைத்து எழுதும். மணலில் எழுதும் குழந்தைக்கு முழங்கை அசையும், தோள் அசையும், எழுத்து உள்ளங்கை அகலத்துக்கு வரும். தப்பாகப் போனால் புறங்கையால் ஒரு தடவு. தப்பு நடந்த சுவடே இருக்காது.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர், பொறையாற்றுக்கு மேற்கே நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படித்த கடைசித் தலைமுறை அவர். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் படித்த கற்பித்தல் முறைகளுக்கெல்லாம் ஏதாவதொரு ஐரோப்பியர் பெயர் இருந்தது. மணலைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. "இதுக்கும் ஒரு சீமைப் பேரு இருந்துச்சு டீச்சர். மெட்ராஸ் முறைன்னு சொல்லுவாங்க. இங்கேருந்து போயிட்டு அங்கேருந்து திரும்பி வந்தது" என்றார் ஒருநாள். அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு நான் படிக்கத் தொடங்கியது இன்னும் முடியவில்லை. போனது என்ன, திரும்பி வந்தது என்ன என்ற கேள்விதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. போனதும் வந்ததும் ஒன்றல்ல.

எங்கள் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 23 வயது. தமிழில் அச்சு எந்திரத்தை ஓட்டியவர், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தவர் என்றுதான் பாடப் புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன. எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. தமிழ் கற்க வேண்டும், கையில் அகராதியோ இலக்கணமோ இல்லை. ஒரு தமிழ் உபாத்தியாயரைப் பிடித்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு வரவழைத்து, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஜெர்மனியில் பல்கலைக்கழகம் பார்த்த மனிதர் நம் ஊர்ப் பிள்ளைகளோடு 'அனா ஆவன்னா' சொல்லி எழுதியிருக்கிறார். அவருக்குப் பிறகு தமிழ் எழுத்தைக் கற்க வந்த ஐரோப்பியர் பலர் இருக்கிறார்கள். அப்படித் தரையில் உட்கார்ந்து கற்றவர்கள் குறைவு.

அதற்கும் முன்பே, 1623இல், பியத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி கன்னட நாட்டில் இக்கேரிக்குப் போகும் வழியில் ஒரு கோயில் தாழ்வாரத்தில் நான்கு சிறுவர்களைப் பார்த்தார். வாத்தியார் யாரும் அங்கே இல்லை. ஒருவன் பாடத்தை ராகமாகப் பாடியபடி தரையில் தூவிய பொடிமணலில் விரலால் எழுதுகிறான். மற்ற மூவரும் கூடவே பாடி எழுதுகிறார்கள். மணல் நிறைந்ததும் அழித்துவிட்டுப் புது மணல் தூவுகிறார்கள். மறந்துபோனால் யாரிடம் கேட்பீர்கள் என்று அவர் விசாரித்தபோது, நான்கு பேருக்குமே ஒரே நேரத்தில் மறந்துபோகாது, தெரிந்தவன் மற்றவனுக்குச் சொல்வான் என்று பதில் வந்தது. மணலும் பாட்டும் தோழனும் சேர்ந்ததுதான் அந்தப் பள்ளிக்கூடம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே வகுப்பு என்று ஒன்று கிடையாது. முதலாம் வகுப்புப் பாடத்தை எல்லோரும் ஒரே நாளில் முடித்து இரண்டாம் வகுப்புக்குப் போவதில்லை. 'க' எழுத வந்தவனுக்கு அடுத்த எழுத்து. வராதவனுக்கு மறுபடியும் 'க'. மணலில் கை திருந்திய பிறகு ஓலை. ஓலையில் முதலில் உபாத்தியாயர் எழுதிக் கொடுத்த கீறலின் மேல் ஓட்டிப் பழகி, பிறகு எழுத்தாணியால் சொந்தமாகக் கீறல். கீறியது கண்ணுக்குத் தெரிய மஞ்சளும் கரியும் கோவை இலைச் சாறும் தடவுவார்கள். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, மூதுரை என்று வரிசையாகப் போகும். எழுதுவதும் சொல்வதும் பிரிந்ததே இல்லை. வாய் சொல்லாமல் விரல் நகரக் கூடாது.

கணக்கிலும் அப்படித்தான். எண்சுவடியில் கீழ்வாய் இலக்கம் உண்டு. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. 160இல் ஒன்று அரைக்காணி, 80இல் ஒன்று காணி, 20இல் ஒன்று மா, 16இல் ஒன்று மாகாணி. இவற்றைப் பெருக்கிக் கூட்டிய வாய்பாடுகளை ஐந்தாறு வருஷத்தில் ஒரு பையன் தலைக்குள் ஏற்றிக்கொண்டு, நெல் அளக்கிற களத்துக்கும் துணி அளக்கிற கடைக்கும் நிலம் அளக்கிற இடத்துக்கும் போய்விடுவான். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன்பு ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு விலங்கு, ஓர் ஊர் என்று பெயர் சொல்லி அனுப்பி, மறுநாள் காலையில் கேட்கும் வழக்கத்தை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். ஞாபகம் என்பது அங்கே படிப்பின் துணைக்கருவி அல்ல, படிப்பே அதுதான். ஓலைச்சுவடியின் தோற்றமும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஏட்டில் புள்ளி வைப்பது அரிது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. குறிலும் நெடிலும் பல இடங்களில் ஒரே வடிவம். பாட்டு முன்பே தெரிந்தவனுக்கு ஏடு வாய் திறக்கும். தெரியாதவனுக்கு அது கீறல்தான். கண்ணை நம்பிப் படிக்கிற வாசகனை அந்த ஏடு எதிர்பார்க்கவில்லை, காதில் சேர்த்து வைத்தவனைத்தான் எதிர்பார்த்தது.

இதற்கெல்லாம் நடுவே சட்டாம்பிள்ளை இருந்தான். நன்றாகப் படிக்கிற பெரிய பையன். சின்னவர்களுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது, முறை சொல்ல வைப்பது, வராதவனை வீட்டில் போய்த் தூக்கி வருவது எல்லாம் அவன் பொறுப்பு. அவன் கையிலும் பிரம்பு உண்டு. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு கலங்குகிறது.

இனி எழும்பூருக்குப் போவோம். இன்றைய எழும்பூர் ரயில் நிலையம் இருக்கும் இடத்தில் அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறிய கோட்டை ஒன்று இருந்தது. 1789இல் அதற்குள் ராணுவ அனாதைப் பையன்களுக்கான விடுதிப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். கம்பெனிச் சிப்பாய்களுக்குப் பிறந்தவர்கள். பெரும்பாலோர்க்குத் தாய் இந்தியப் பெண். பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753இல் பிறந்தவர், பாதிரியார். ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, இதையே நம் பள்ளியிலும் செய்வோம் என்று தம் உதவி ஆசிரியரிடம் சொன்னார். அவருக்கு அதில் இஷ்டமில்லை, நடக்காது என்றார். பெல் அவரை விட்டுவிட்டு, சிப்பாய் ஒருவரின் மகனான ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். அவன் சொல்லிக்கொடுத்தான். பிள்ளைகளுக்கு எழுத்து வந்தது. கொஞ்ச நாளில் பள்ளி முழுவதையும் பையன்களே நடத்தினார்கள்.

பெல்லை நான் திருடர் என்று சொல்ல மாட்டேன். மணலை எங்கே பார்த்தேன் என்பதை அவர் மறைக்கவில்லை. 1796இல் இங்கிருந்து கிளம்பி, 1797இல் லண்டனில் வெளியிட்ட சிறு நூலின் தலைப்பிலேயே சென்னை விடுதிப்பள்ளியில் செய்த சோதனை என்று போட்டார். ஒரு பள்ளி தனக்குத் தானே கற்பித்துக்கொள்ள முடியும் என்பது அந்தத் தலைப்பில் உள்ள இன்னொரு கூற்று. ஆனால் அவர் கணக்கில் மணல் மட்டும்தான் இங்கிருந்து வந்தது. பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பிப்பது தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றுதான் கடைசிவரை நம்பினார். சட்டாம்பிள்ளை அவர் கண்ணில் படவேயில்லையா? குதிரை மேலிருந்து பார்த்தவருக்கு மணல் தெரிந்தது, மணலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய பையன் தெரியாமல் போயிருக்கலாம். சீகன்பால்கு போலத் தரையில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இங்கிலாந்தில் இந்த மணல் செய்த காரியத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அங்கே அதுவரை ஏழைப் பிள்ளைகளுக்குப் படிக்க மட்டுமே கற்றுக்கொடுத்தார்கள். எழுத்து பிறகு, தனியாக, அதற்குத் தனிக் கட்டணம். காகிதமும் இறகுப் பேனாவும் மையும் விலை கூடின சரக்குகள். பலர் வாசிக்கத் தெரிந்தும் தம் பெயரை எழுதத் தெரியாமலே செத்தார்கள். மணலுக்குக் காசில்லை. முதல் நாளே குழந்தை எழுத்தைப் பார்க்கிறது, சொல்கிறது, வரைகிறது. படிப்பையும் எழுத்தையும் பிரித்து வைத்திருந்த சுவர் அங்கே இடிந்தது, நம் திண்ணைப் பழக்கத்தால். ஆனால் பெல்லுக்கே அந்தச் சுவர் இடிவதில் முழுச் சம்மதம் இல்லை. ஏழைகளின் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வேதம் படிக்கத் தெரிந்தால் போதும் என்ற பொருளில் பின்னால் எழுதினார். நான் இதைப் படித்த அன்றைக்கு வேறு எதையும் படிக்க முடியவில்லை. கையில் கிடைத்த சாவியைத் தானே மறைத்து வைக்கிற மனசு எப்படி வரும்?

லண்டனின் தென்பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் 1798இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். குவேக்கர் சமயத்தவர்; இருபது வயது. பெல்லின் நூலைப் பார்த்து மணலை அவரும் எடுத்துக்கொண்டார். இங்கேதான் அறையின் அமைப்பு உள்ளே நுழைகிறது. நீள மேசை ஒன்றில் விளிம்பு அடித்து, அடிப்பலகைக்குக் கறுப்பு வண்ணம் பூசி, வெள்ளை மணலை மெல்லிசாகப் பரப்பினார். விரல் போன இடத்தில் எழுத்துக் கறுப்பாகத் தெரியும். பார்வைக்கு அழகான ஏற்பாடு. நானும் செய்து பார்த்திருக்கிறேன், குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே திசை பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். சட்டாம்பிள்ளை ஓர் எழுத்தைக் காட்டுவான். எல்லோரும் அதையே எழுதுவார்கள். அவன் மணலைத் தட்டையாகத் தேய்த்துவிட்டு அடுத்ததைக் காட்டுவான்.

அடுத்து சிலேட்டு வந்தது. ஒரு சொல்லைச் சொன்னால் ஐந்நூறு பையன்கள் ஒரே நேரத்தில் எழுதி, கட்டளை வந்ததும் சிலேட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். புத்தகத்துக்குச் செலவழிக்கப் பணமில்லை. ஆகவே ஒரு புத்தகத்தின் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அட்டையில் ஒட்டி, சுவரில் மாட்டினார் லங்காஸ்டர். அதன் முன்னே அரைவட்டமாகப் பிள்ளைகள் நின்று வாசித்தார்கள். ஒரு கூட்டம் முடிந்ததும் அடுத்தது. இன்றைக்கு ஒவ்வொரு தொடக்கப் பள்ளிச் சுவரிலும் தொங்குகிற எழுத்து அட்டைக்கு அதுவும் ஒரு மூதாதை. வரிசையில் பையனுக்கு எண் உண்டு. நன்றாகச் சொன்னவன் மேலேறுவான், தப்புச் சொன்னவன் கீழிறங்குவான். குறும்பு செய்தவனைக் கூடையில் வைத்துக் கூரைக்கு ஏற்றினார்கள். கோதண்டத்துக்குக் கடல் தாண்டி ஒரு தம்பி.

ஆயிரம் பையன்களுக்கு ஒரே ஆசிரியர் போதும் என்றார் லங்காஸ்டர். அந்த ஆயிரத்தில்தான் எல்லாமே மாறிப்போனது. நம் திண்ணையில் மணல் ஒரு பிள்ளைக்கும் ஓர் எழுத்துக்கும் இடையில் இருந்தது. அங்கே அது ஒரு பிள்ளைக்கும் மேற்பார்வையாளனுக்கும் இடையில் வந்துவிட்டது. சிலேட்டைத் தூக்கிக் காட்டும்போது குழந்தை எழுதியதைக் குழந்தை பார்ப்பதில்லை. வேறொருவர் பார்ப்பதற்காகத் தன் பக்கத்தைத் திருப்பிப் பிடிக்கிறது. 'உனக்கு வந்ததா?' என்ற கேள்வியின் இடத்தில் 'வரிசையில் நீ எங்கே?' வந்து உட்கார்ந்தது. எந்தச் சட்டமும் போடாமல் மேசையும் சுவரும் இதைச் செய்துவிட்டன.

அந்த முறையின் உலகச் சுற்றுலாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துத் திருச்சபை பெல் பக்கம், மற்ற சபைகள் லங்காஸ்டர் பக்கம் என்று பெரிய சண்டை. 1811இல் திருச்சபைக்காரர்கள் தேசிய சங்கம் அமைத்து நாடெங்கும் பள்ளிகள் திறந்தார்கள். நியூயார்க், பாரிஸ், தென்னமெரிக்காவின் காரகாஸ் என்று எங்கும் பரவியது. பெல் 1832இல் இறந்தபோது ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுண்டு கல்விக்கென விட்டுப்போனார். அவருடைய சொந்த ஊரில் அந்தப் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

நான் மறக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. பெல் தம் முறையின் பெருமையைச் சொல்லும்போது அதை நீராவி எந்திரத்தோடும் நூற்பு எந்திரத்தோடும் ஒப்பிட்டார்: உழைப்பைக் குறைத்து உற்பத்தியைப் பெருக்குகிறது என்று. அதே நூற்பு எந்திரத்தின் துணி சென்னை ராஜதானிக்கு வந்து இறங்கியது. 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். 1823 ஆகஸ்டில் பெல்லாரி கலெக்டர் கேம்பல் விரிவான பதில் எழுதினார். குழந்தைகள் செலவில்லாமல் மணலில் எழுதிப் பழகுவதையும், பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றார். மணல், சட்டாம்பிள்ளை இரண்டுக்குமே உரிய இடத்தைக் கொடுத்த வெள்ளைக்கார அதிகாரி அவர். அதே கடிதத்தில், சீமைத் துணி வந்து நெசவாளர் பிழைப்பு போனதால் குடும்பங்கள் வறண்டு, பிள்ளைகளை அனுப்ப வழியில்லாமல் பள்ளிக்கூடங்கள் பல இடங்களில் அற்றுப்போகின்றன என்றும் எழுதினார். லண்டனில் பள்ளிக்கு உவமையாக நின்ற எந்திரம் பெல்லாரியில் பள்ளிக்கூடத்தை மூடிக்கொண்டிருந்தது. பெல்லுக்குக் கேம்பலின் கடிதத்தை யாராவது வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

மன்றோ 1826 மார்ச்சில் கணக்கைத் தொகுத்தார். ராஜதானியில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. சென்னையில் மட்டும் 26,903 பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள் என்ற கணக்கும் உண்டு. இந்த ஆவணங்களை 1983இல் ஆய்வாளர் தரம்பால் தொகுத்து வெளியிட்டபோது, நம் நாட்டில் படிப்பே இல்லை என்ற பேச்சு பொய் என்று பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர் அல்லர், சூத்திரர் என்ற தலைப்பின் கீழ் எண்ணப்பட்டவர்கள் என்பதும் அதில் தெரிகிறது. எனக்கும் அது பெருமைதான்.

ஆனால் அந்த 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540. என் பாட்டிக்கு முந்திய பாட்டிமார் யாரும் அந்தக் கணக்கில் இருந்திருக்க மாட்டார்கள். திண்ணை என்பது ஒருவருடைய வீட்டின் திண்ணை. அந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் பிள்ளை அந்தத் திண்ணையில் எப்படி ஏறும்? மணல் எல்லோருக்கும் பொது, காசில்லாதது, உண்மை. அது பரப்பப்பட்ட தரை எல்லோருக்கும் பொது இல்லை. சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது பெரும்பாலும் மிஷன் கூரைக் கொட்டகையில், பின்னர் 1894இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் ஆல்காட் தொடங்கியது போன்ற பள்ளிகளில், அதன் பிறகு சர்க்கார் கட்டடத்தில். ஆகவே பெஞ்சையும் நாற்சதுர அறையையும் ஒருசேரப் பழிக்க என்னால் ஆகாது. எங்கள் வீட்டுப் பெண்கள் அந்த அறை வழியாகத்தான் உள்ளே வந்தோம். என் அம்மா சிலேட்டில்தான் எழுதினாள். கோவை இலையால் துடைத்துக் கறுப்பாக்கிய சிலேட்டை இன்றைக்கும் சொல்வாள்.

கடல் தாண்டிப் போனது இப்படி அறையோடு சேர்ந்து திரும்பி வந்தது. அட்டை, வரிசை, வகுப்பு, எண், பார்வையிட வருபவர் எல்லாமே வந்தன. மணலைக் காணோம். சட்டாம்பிள்ளை 'மானிட்டர்' ஆனான். சொல்லிக்கொடுப்பது போய், பேசினவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவன் வேலையாயிற்று. கரும்பலகை ஆசிரியர் உயரத்தில் ஏறியது. ஆறு வயதுக் குழந்தைக்கு அது அண்ணாந்து பார்க்கும் பொருள். அதில் எழுத வாய்ப்புக் கிடைத்த குழந்தைகள்கூட எழுத்தைச் சுண்ணாம்புக்கட்டி எட்டிய உயரத்தில், கீழ் விளிம்பில் நசுக்கி எழுதினார்கள். எத்தனையோ வருஷம் இதைப் பார்த்துக்கொண்டே நானும் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அதனால்தான் செயல்வழிக் கற்றல் எங்கள் பள்ளிக்கு வந்த நாள் எனக்குத் திருநாள். ரிஷிவேலியில் உருவான அட்டை முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கியது. 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. பெஞ்சுகள் வெளியே போயின, பாய் வந்தது. சுவரின் அடிப்பாகம் முழுவதும் கறுப்பு வண்ணம் பூசி, கோடு போட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் தன் பங்கு என்று ஒரு கட்டம் ஒதுக்கினோம். தரையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகப் பலகை. ஏணி வரைந்த படம் ஒன்று சுவரில். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம். குழந்தை தான் நிற்கும் படியின் சின்னத்தைப் பார்த்து, அடுக்கிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்து வரும். ஒரே அறையில் நான்கு வகுப்புப் பிள்ளைகள், ஒவ்வொருவர் ஒவ்வொரு படியில். தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொன்னாள். எங்கள் பழைய தலைமையாசிரியர் அப்போது படுக்கையில் இருந்தார். போய்ச் சொன்னேன். "வகுப்பை எடுத்துட்டீங்களா? அப்ப சரி" என்றார்.

பெற்றோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. டீச்சர் நின்று நடத்தாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறாரே என்றார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பெரிய பள்ளிகளில் ஒரே ஆசிரியரால் நாற்பது ஏணிகளைக் கவனிக்க முடியாது. அங்கே பிள்ளைகள் அட்டையை வைத்துக்கொண்டு காத்துக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். எங்களைப் போன்ற சின்னப் பள்ளியில் அது நன்றாக நடந்தது. ஆனால் கொஞ்ச காலத்தில் வேறொன்று நடந்தது. எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்று காட்டும் அட்டவணையைப் பார்வைக்கு வருபவர்கள் முதலில் கேட்கத் தொடங்கினார்கள். உள்ளே நுழைந்ததும் குழந்தையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். குழந்தை தன் வழியைத் தானே அறிந்துகொள்ள வரைந்த ஏணி, மேலே இருப்பவர் எண்ணிப் பார்க்கும் ஏணியாயிற்று. படி ஏறாத பிள்ளையை ஏறியதாகக் காட்டத் தோன்றும் நெருக்கம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. சிலேட்டைத் தூக்கிக் காட்டிய ஐந்நூறு பையன்களை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு திட்டங்கள் மாறின. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளோடு. திரையும் வந்திருக்கிறது. திரையில் எழுத்து தானாக வரைந்துகொள்வதைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். அது நல்லதா என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: திரை எந்த உயரத்தில் இருக்கிறது, அந்த நேரத்தில் குழந்தையின் விரல் என்ன செய்கிறது?

நான் ஓய்வு பெற்ற பள்ளியில் வெள்ளையடிக்கும்போது அந்தத் தாழ்ந்த பலகைகளை அழித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. சுவர் அசிங்கமாகத் தெரிகிறது, படம் வரைந்தால் எடுப்பாக இருக்கும் என்றார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பழைய மாணவிகள் இருவர், இப்போது அங்கே படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள், எனக்கு முன்பாகவே பேசிவிட்டார்கள். மூன்று சுவரில் படம் வரைந்துகொள்ளுங்கள், கிழக்குச் சுவரை விட்டுவிடுங்கள் என்று முடிவாயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி அடிக்கும் வரை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். அட்டவணை எதுவும் கிடையாது. சுண்ணாம்புக்கட்டி வாங்குகிற செலவை அந்த அம்மாக்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.